லைற்றர்க் கல் தந்த வெல்ஸ்பாக்

பழைய லைற்றர்களைத் தேடிச் சேர்த்து வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் மேனாடுகளிற் பலர் உளர். அவருள்ளே புகைத்தலை அறவே விலக்கியோரும் உண்டு என்றால் நம்மவர் வியத்தல் கூடும். அவர் நாடுவது புகையையன்று; உள்ளங்கையுள் அடங்கும் சிறு பொறியொன்றிற் கம்மியன் காட்டிய நுண்மையையேயாம்.

இப்பொருளின் வரலாறு நீண்டது. 1823 ஆம் ஆண்டில் யேனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொபரைனர் என்பார் அமைத்த முதல் லைற்றர் சட்டைப்பையில் இடத்தக்கதன்று. மேசைமேல் வைக்குங் கண்ணாடிச் சாடி. நாகத்தின்மேற் சல்பூரிக்கமிலம் பட்டு எழுகின்ற ஐதரசன் வாயு, பிளாத்தினப் பஞ்சின்மேற் பாய்ந்து தானே தீப்பற்றும். அதன் பின்னர் எத்தனையோ வகை! முதலாம் உலகப் போரிற் பதுங்குகுழிகளிற் கிடந்த போர்வீரர் வெற்றுத் தோட்டாக் கூடுகளைக் கொண்டு தாமே செய்தவை ஒரு வகை. இலண்டன் டன்ஹில் நிறுவனத்தார் 1920களில் ஒரு கையாலேயே ஏற்றுமாறு செய்தவை மற்றொரு வகை. ஒரே அழுத்தில் எரிந்து, விரலை எடுத்தவுடன் அவியும் றொன்சன் 1926 ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவிற் பிளேஸ்டெல் என்பவர் ஒஸ்திரிய நாட்டு லைற்றரொன்றைக் கண்டு, அதனைத் திருத்திச் செய்த சிப்போ 1930களின் தொடக்கத்தது. இச்சிப்போவின் அடித்தட்டில் 1950களின் நடுவிலிருந்து புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆண்டினைக் குறித்து வந்தனர். சேகரிப்போர் அவற்றைக் கல்வெட்டுப் படிப்பார் போலக் கண்ணாடி கொண்டு படிப்பர். பிரான்சு நாட்டு அரசு லைற்றருக்கு வரி விதித்த காலத்தில் ஒட்டிய சிறு உலோக முத்திரை ஒரு லைற்றரில் இன்னும் இருக்குமாயின் அதன் மதிப்பே வேறு.

கூடு, சக்கரம், திரி, முத்திரை எல்லாம் இவ்வாறு போற்றப்பட, ஒன்றுமட்டும் போற்றுவாரின்றி ஒழிகின்றது. அதுவே கல். பொறியைத் தருவது அதுவேயாயினும் தேய்ந்தவுடன் எறியப்படுவதும் அதுவே. பழைய லைற்றரினுள்ளே தப்பித்தவறி எஞ்சிய கல்லும் காற்றும் ஈரமும் பட்டு ஊதிப் பொருமிச் சாம்பல் நிறத் தூளாகிக் குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனைத் துளையிட்டு வெளியேற்றுவதே சேகரிப்போர்க்கு முதல் வேலை. எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய லைற்றராயினும், அதிற் பொறிவிடுவது பெரும்பாலும் நேற்றுக் கடையில் வாங்கிய புதுக்கல்தான். அக்கல்லை ஆக்கியவர் வரலாற்றைச் சேகரிப்போரும் அதிகம் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளை ஒருகாலத்தில் ஒளிமயமாக்கியதும் அவர் கைப்பொருளே ஆதலின், நாம் பேசுதல் தகும்.

கார்ல் ஔவெர் வொன் வெல்ஸ்பாக் 1858 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1 ஆந் திகதி வியன்னா நகரிற் பிறந்தார். ஔவெர் என்பது குடிப்பெயர். வெல்ஸ்பாக் என்பது தந்தைக்கு அரசர் அளித்த பட்டத்தோடு வந்த பெயர். உலகம் பின்னதையே பிடித்துக்கொண்டமையால் நாமும் அவ்வாறே வழங்குவோம்.

தந்தையார் அலோயிஸ் என்பவர் ஒஸ்திரியப் பேரரசின் அச்சகத்துக்குத் தலைவர். தமிழ் படிப்போர் அவரை ஒருகணம் நின்று நோக்குதல் வேண்டும். உலகத்து மொழிகளின் எழுத்து வடிவங்களையெல்லாம் தேடி அச்சு வார்ப்பித்து, கிறித்தவர் செபமொன்றை அறுநூறுக்கு மேற்பட்ட மொழிகளிலும் கிளைமொழிகளிலும் அச்சிட்டு ஒருங்கே வைத்த பெருந்தொகுப்பு அவருடையது. செடிகொடிகளின் இலையை மெல்லிய ஈயத் தகட்டில் அழுத்தி, அவ்விலையே தன்னுருவை எழுதுமாறு செய்த அச்சுமுறையையும் அவர் வளர்த்தார். பலவற்றைத் திரட்டுதல், திரட்டியவற்றை வேறு வேறாக வகுத்தல் ஆகிய இவ்விரண்டும் அக்குடியிற் பிறந்த மைந்தர்க்கும் வாய்த்தன. தந்தையார் 1869 ஆம் ஆண்டில் இறந்தபொழுது மைந்தர்க்கு வயது பத்து.

வியன்னாவிற் சில காலம் பயின்றபின், 1880 ஆம் ஆண்டில் ஹைடல்பேர்க் நகருக்குச் சென்று பன்சன் என்னும் பேராசிரியரை அடைந்தார். ஒவ்வொரு மூலகமும் சுவாலையிற் காட்டும் நிறக்கோடுகளைக் கொண்டு அதனை இன்னதென அறியலாம் என்பதைக் கேர்க்கோவோடு சேர்ந்து நிறுவிய பன்சனே அவர். அவரிடம் இளைஞர் கற்றது அருமண் மூலகங்களின் ஆராய்ச்சி. 1882 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்று வியன்னாவுக்கு மீண்டார். ஆங்குச் சம்பளமின்றி ஆய்வுகூடமொன்றில் இடம்மட்டும் பெற்று வேலையைத் தொடர்ந்தார்.

அருமண் மூலகங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்று கரையும் நீரில் மற்றதுங் கரையும். ஒன்று படியுமிடத்து மற்றதும் படியும். 1841 ஆம் ஆண்டில் மொசாண்டர் என்னும் சுவீடன் நாட்டார் அவற்றுள் ஒன்றுக்கு இரட்டைப்பிள்ளை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாற் பெயரிட்டார். அது மற்றொன்றை அவ்வளவு ஒத்திருந்தது. வெல்ஸ்பாக் அவ்விரட்டைப்பிள்ளை தானும் ஒன்றன்று, இரண்டு என்று காட்டினார். அவர் கையாண்ட வழி எளியது. பொறுமை ஒன்றே அதற்கு முதல். உப்பைக் கரைத்துப் பளிங்காக்கி, முன்னர்ப் படிந்ததையும் பின்னர் எஞ்சியதையும் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டுங் கரைத்துப் பளிங்காக்கல். இவ்வாறு நூறு முறைக்கு மேற் செய்தார். இறுதியில் ஒருபுறம் பச்சை உப்பும் மறுபுறம் செந்நீல உப்பும் நின்றன. 1885 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வியன்னா அறிவியற் கழகத்துக்கு அதனை அறிவித்தார். பச்சை இரட்டை என்னும் பொருளில் ஒன்று பிரசியோடிமியம் எனவும், புதிய இரட்டை என்னும் பொருளில் மற்றது நியோடிமியம் எனவும் பெயர்பெற்றன. அன்று அவற்றாற் பயன் யாதென அறிந்தாரிலர். 1980களிலிருந்து உலகிற் செய்யப்படும் மிக வலிய நிலைக்காந்தங்களுக்கு நியோடிமியமே உயிர்நிலை. நம் கைத்தொலைபேசியினுள்ளும் அது உண்டு.

இவ்வாராய்ச்சியின் நடுவே மற்றொன்று கிளைத்தது. சுவாலையின் நிறத்தைத் தெளிவாகக் காண்பதற்காக, அருமண் உப்புக் கரைசலிற் பருத்தி நூலைத் தோய்த்து எரித்தார். நூல் எரிந்தொழிந்தது, ஆனால் நூலின் உருவம் ஒட்சைட்டுச் சாம்பலாய் அவ்வண்ணமே நின்று சுவாலையிற் பேரொளி வீசிற்று. வாயுவிளக்கின் மங்கிய சுவாலைமேல் இத்தகைய வலையொன்றைக் கவித்தால் என்ன என்று அவர் எண்ணினார். மகனீசியம், இலந்தனம் முதலியவற்றின் ஒட்சைட்டுக்களால் ஆகிய அம்முதல் மாண்டிலுக்கு 1885 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். 1887 ஆம் ஆண்டில் வியன்னாவை அடுத்த அற்ஸ்கேஸ்டோர்வு என்னுமிடத்துத் தொழிற்சாலையில் வேலை தொடங்கிற்று.

அஃது ஓங்கவில்லை. ஒளி பசுமை கலந்து குளிர்ந்திருந்தது. முகங்கள் நோயாளர் முகம்போலத் தோன்றின. வலை சிறிது அசைந்தாலும் உதிர்ந்தது. வாங்கியோர் பழைய விளக்குக்கே திரும்பினர். 1889 ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. அக்காலத்தில் எடிசனின் மின்விளக்கு நகரங்களுட் புகுந்துகொண்டிருந்தது. வாயுவிளக்கின் காலம் முடிந்தது என்றே பலருங் கருதினர். முப்பது வயது நிறைந்த ஒருவர் கையிலிருந்ததையெல்லாம் இட்டுச் செய்த முயற்சி இவ்வாறாயின், பெரும்பாலார் வேறு தொழில் தேடுவர்.

வெல்ஸ்பாக் அவ்வாறு செய்யவில்லை. தோரிய ஒட்சைட்டு நன்கு ஒளிர்ந்ததைக் கண்டு, அதனை மேலுந் தூய்மையாக்கினால் ஒளி பெருகும் என்று நம்பினார். நிகழ்ந்தது மறுதலை. தூய்மை ஏற ஏற ஒளி குறைந்தது! அழுக்கென்று நீக்கியதில் ஏதோ ஒன்றே ஒளிக்குக் காரணம் என்பதை அவர் அப்பொழுது உய்த்துணர்ந்தார். அஃது சீரியம். அளந்து அளந்து பார்த்து, தோரிய ஒட்சைட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதும் சீரிய ஒட்சைட்டு ஒன்றுமாகச் சேர்ப்பதே தக்கது எனக் கண்டார். 1891 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4 ஆந் திகதி வியன்னாவில் ஒப்பேரா அரங்கின் அயலிலுள்ள கோப்பிச்சாலையொன்றன் வாயிலில் அவ்விளக்கு ஏற்றப்பட்டது. அதன்பின் ஐரோப்பிய நகர வீதிகளில் வாயுவிளக்கு மேலும் பல ஆண்டுகள் மின்விளக்கோடு போட்டியிட்டு நின்றது.

பெற்றோமக்ஸ் விளக்கு ஏற்றிய முதியோர்க்கு அம்மாண்டிலைப் பற்றி நாம் கூறவேண்டுவதில்லை. மெல்லிய வலைப்பையை நூலாற் கட்டி, முதன்முறை எரித்தவுடன் வெண்சாம்பலாய் நிற்க, காற்றடித்து மண்ணெண்ணெய் ஆவியை ஏற்றினால் இரவு பகலாகும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் கூத்துக் கொட்டகையிலும் விடியுமளவும் எரிந்தது வெல்ஸ்பாக்கின் கலவையே. (தோரியம் கதிர்வீசும் பொருளாதலின் இன்று பெரும்பாலும் வேறு ஒட்சைட்டுக்களை இடுகின்றனர்.)

மாண்டில் பெருகத் தோரியத்தை உலகெங்குந் தேடலாயினர். இலங்கையிலே கனிப்பொருளாராய்ச்சித் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், சபரகமுவைப் பகுதி இரத்தினக் கற்படிவுகளிற் கிடைத்த கருங்கனியமொன்றை 1904 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். இலண்டனிலும் சோதிக்கப்பட்டு, தோரியம் மிகுதியும் உடையதாகக் காணப்பட்ட அதுவே தோரியனைற்று. கலைவரலாற்றாசிரியராக நாம் போற்றும் அப்பெருமகனாரை இத்துறையில் நினைப்பார் சிலரே. 1909 ஆம் ஆண்டளவில் சொம்பேர்க் என்னும் ஜேர்மனியர், அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மொனசைற்று மணலைக் கண்டார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டிற்று என்பர்.

இம்மணலிலேதான் லைற்றரின் கதை தொடங்குகின்றது. மொனசைற்றிலே தோரியம் நூற்றுக்குச் சில பங்கே. சீரியமும் அதன் இனத்தனவும் அதனினும் பன்மடங்கு. மாண்டிலுக்கு வேண்டுவதோ தோரியம் தொண்ணூற்றொன்பதும் சீரியம் ஒன்றும். எனவே தோரியத்தை எடுத்தபின் எஞ்சிய சீரியக் கழிவு தொழிற்சாலைகளின் புறத்தே மலைபோற் குவிந்தது. அது தமது தொழிலின் எச்சமாதலின் அதற்குப் பயன் காண்பதுந் தம் கடமை என்று வெல்ஸ்பாக் கொண்டார் போலும். அவர் செய்தவற்றுள் இதனையே யாம் உயர்வாக மதிப்போம். மாண்டில் தற்செயலாக வாய்த்த காட்சியிற் பிறந்தது. கல்லோ எவரும் வேண்டாத குப்பையிலிருந்து தேடி எடுக்கப்பட்டது.

பன்சனின் ஆய்வுகூடத்திற் சீரிய உலோகம் 1875 ஆம் ஆண்டிலேயே சிறிதளவு ஆக்கப்பட்டிருந்தது. அதனை அரத்தால் உராய்ஞ்சினாற் பொறி பறக்கும் என்பதும் அறியப்பட்டதே. வெல்ஸ்பாக் கழிவு உப்பை உருக்கி மின்னோட்டத்தாற் பிரித்து, சீரியம், இலந்தனம் முதலியன கலந்த உலோகத்தைப் பெற்றார். அது மென்மையானது, தனியே நல்ல பொறி தராது. ஆதலின் வேறுலோகங்களைச் சேர்த்துப் பார்த்து, இரும்பு நூற்றுக்கு முப்பது பங்கு சேர்ந்தாற் கலப்புலோகம் கடினமும் நொறுங்குந் தன்மையும் பெற்று, எளிய உராய்விலேயே பொறிமழை பொழிவதைக் கண்டார். 1903 ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார்.

இதன் செயல் பழைய சிக்கிமுக்கியினது அன்று. சிக்கிமுக்கியிற் கல் கடியது. அது உருக்கினைச் சீவ, உருக்குச் சீவலே எரியும். லைற்றரிற் சக்கரமே கடியது, கல் சீவப்படுகின்றது. சீரியம் சுமார் 150 முதல் 180 பாகை வெப்பத்திலேயே தீப்பற்றுமாதலின், உராய்வின் சூட்டிலேயே சீவல் காற்றில் எரிந்துவிடும். கல் என்று வழங்குகின்றோமாயினும் அது கல்லுமன்று, உலோகம். ஞெலிகோல் கடைந்து தீயெடுத்த முன்னோர் இதனைக் கண்டால் என்ன பெயர் இட்டிருப்பரோ!

ஒஸ்திரியாவின் தென்பகுதியிலுள்ள கரிந்தியா மாகாணத்துத் திறைபாக் என்னுமிடத்தில் 1898 ஆம் ஆண்டில் அவர் வாங்கிய ஆலையே இக்கல்லுக்குப் பிறப்பிடமாயிற்று. 1907 ஆம் ஆண்டில் அது இரசாயனத் தொழில் நிறுவனமாக உருப்பெற்றது. அதன் வழிவந்த நிறுவனம் இன்றும் அவ்வூரில் உண்டு. ஜேர்மனி 1909 ஆம் ஆண்டில் தீக்குச்சிக்கு வரி விதித்தது. மக்கள் லைற்றரை நாடினர். அடுத்துப் போர் மூண்டது. காற்றிலும் மழையிலும் நனையாத தீ வீரர்க்கு வேண்டியதாயிற்று. அரசுகள் தீக்குச்சி வருவாயைக் காக்க முனைந்தமையும் வேடிக்கை. போர்த்துக்கல் நாட்டில் 1937 ஆம் ஆண்டிலிருந்து 1970 ஆம் ஆண்டுவரை லைற்றர் வைத்திருப்போர் துப்பாக்கிக்குப்போல உத்தரவுச்சீட்டுப் பெறல் வேண்டியிருந்தது. அச்சீட்டுக்களையும் இன்று சேர்ப்போர் உளர்.

அவருடைய ஏனைய செயல்களைச் சுருங்கக் கூறுவோம். தாம் உயிர்ப்பித்த வாயுவிளக்குக்குத் தாமே பகையாகி, மின்விளக்கினுள் ஒசுமிய இழையை இட்டார். 1902 ஆம் ஆண்டில் விலைக்கு வந்த அவ்விளக்கு, ஒசுமியம் அருமையான உலோகமாதலின் நிலைக்கவில்லை. ஆயினும் ஒசுமியம், வொல்பிராம் என்னும் இரு பெயர்களையும் இணைத்து 1906 ஆம் ஆண்டிற் பதிவான ஒஸ்ராம் என்னும் வணிகப்பெயர் நம்மூர்க் கடைகளிலும் வழங்கியதன்றோ? 1901 ஆம் ஆண்டிற் பேரரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். றேடிய ஆராய்ச்சிக்காக வியன்னா அறிவியற் கழகம் பெற்ற யுரேனியக் கனியக் கழிவு அற்ஸ்கேஸ்டோர்வு ஆலையிலேதான் பிரித்தெடுக்கப்பட்டது. அங்கும் கழிவே!

ஒரு குறை அவருக்கு நேர்ந்தது. இற்றெர்பியம் என ஒன்றாகக் கருதப்பட்டதை அவர் இரண்டாகப் பிரித்து, விண்மீன்களின் பெயரால் அல்டெபரானியம் எனவும் கசியோப்பியம் எனவும் பெயரிட்டார். அதே காலத்திற் பாரிசு நகரத்து ஊர்பான் என்பாரும் அதனையே செய்து 1907 ஆம் ஆண்டில் முந்தி வெளியிட்டார். முதன்மை யாருக்கு என்று தீர்ப்பளித்த அனைத்துலகக் குழு 1909 ஆம் ஆண்டில் ஊர்பானையே ஏற்றது. அக்குழுவில் ஊர்பானும் ஓர் உறுப்பினர்! வழக்காடுவோன் நடுவரோடு ஒருங்கிருந்த இத்தீர்ப்பு நேரியது எனக் கொள்ள எமக்கு மனம் இல்லை. ஜேர்மன் மொழியாளர் நெடுங்காலம் கசியோப்பியம் என்றே எழுதி வந்தனர். உலக வழக்கில் நின்றது ஊர்பான் வைத்த லுற்றீசியம் என்னும் பெயரே.

முதுமையில் அவர் திறைபாக்கின் அயலிலே தாம் கட்டிய மாளிகையில், தமக்கென அமைத்த ஆய்வுகூடத்தில், அருமண் பளிங்குகளோடு வாழ்ந்தார். செல்வம் நிறைந்திருந்தது, ஆலைகளைப் பிறர் நடத்தினர். அவரோ பழைய மாணவன்போலக் கரைத்தலும் பளிங்காக்கலுமாகவே இருந்தார். அருமண் வரிசையில் ஓரிடம் வெற்றிடமாயிருந்தது. 60 ஆம் மூலகம் அவர் பிரித்த நியோடிமியம். 62 ஆவது சமாரியம். இடையே 61 எங்கே? கண்டோம் என்று வேறு நாட்டார் சிலர் முழங்கினர். பெருந்தொகையான கனியத்தைப் பிரித்துத் தேடிய வெல்ஸ்பாக், அதன் சுவடுதானும் கிடைக்கவில்லை என்பதையே 1926 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

1929 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 4 ஆந் திகதி, எழுபத்தொரு வயது நிறைய ஒரு மாதமும் இல்லாதிருக்க, அம்மாளிகையிலேயே அவர் காலமானார். ஒஸ்திரிய அரசு 1956 ஆம் ஆண்டின் 20 சில்லிங் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. திறைபாக்கை அடுத்த அல்ற்ஹோபன் ஊரில் 1998 ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஒரு நூதனசாலை உண்டு.

61 ஆம் மூலகம் இயற்கையில் ஏறக்குறைய இல்லை எனலாம். அதன் அணுக்கள் யாவும் கதிர்வீசி விரைவில் அழிவன. 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் றிட்ச் நகரத்து அணுவுலையிலே, எரிந்துபோன யுரேனியத்தின் எச்சத்திலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. கிரேக்கர் புராணத்தில் விண்ணிலிருந்து தீயைக் கவர்ந்து மனிதர்க்கு அளித்த புரொமீதியசின் பெயரால் அதற்குப் புரொமீதியம் எனப் பெயரிட்டனர்.